குட்டிக் குறட்டை... ஆபரேஷன் வரை போகுமா?

"அப்படியே அவங்க தாத்தாவை உரிச்சு வெச்சிருக்கான் டாக்டர்... குறட்டையிலகூட!"

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்கிற அம்மாக்களை எந்தக் குழந்தை மருத்துவரின் அறையிலும் பார்க்கலாம். அவர்கள் வந்தது வேறு எதற்காகவோ இருக்கும். சளி விடவே மாட்டேன் என்கிறது, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது, 'ஒரு இடத்தில் உட்கார்வதில்லை' என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார், ஆறு வயசாகியும் படுக்கை நனைகிறது... இப்படி ஏதாவது ஒன்று. குறட்டை விஷயம் போகிற போக்கில், ஜோக் மாதிரி வந்து விழும். விஷயம் தெரிந்த டாக்டர் மட்டும் சிரிக்க மாட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குறட்டை விடறப்போ நடுவுல மூச்சு நிக்குதாம்மா?" என்று கேட்பார்.

பல அம்மாக்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. நியாயம்தான். நாள் முழுக்க ஓடி ஓய்ந்து படுத்தபிறகு, தூங்குகிற குழந்தையை யார் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்? குழந்தை 'அசந்து தூங்குது' என்று நினைத்து நாமும் கண்ணை மூடிவிடுகிறோம். ஆனால், அந்தக் குழந்தை தூங்கவில்லை. ராத்திரி முழுக்க மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சில வீடுகளில் உண்மை. நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஒன்றிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. 'ஸ்லீப் ஆப்னியா' என்று இதற்குப் பெயர். தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் கோளாறு.

ஜலதோஷம் பிடித்த நாலு நாள் எந்தக் குழந்தையும் குறட்டை விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். சளி இல்லாத நாட்களிலும், வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல், மாதக்கணக்கில் குறட்டை கேட்கிறதென்றால்தான் காது கொடுக்க வேண்டும்.

விடியற்காலை ஒரு பத்து நிமிஷம்

இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு எழுந்து குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் அந்த அகால வேளை? ராத்திரியின் பின்பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம். குழந்தைகளுக்கு மூச்சு அடைபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஒன்பது மணிக்குத் தூங்க வைத்துவிட்டு, பத்து மணிக்கு எட்டிப்பார்த்து, 'நல்லாத்தானே தூங்குது!' என்று முடிவு கட்டுவதில் உள்ள தப்பு இதுதான்.

பார்க்க வேண்டியது என்ன? 'கொர்... கொர்...' என்று போய்க்கொண்டிருக்கிற சத்தம் திடீரென்று நிற்கும். வயிறும் நெஞ்சும் மட்டும் ஏறி இறங்கும். மூக்கருகே விரலை வைத்தால் காற்று வராது. சில விநாடிகள்தான். ஆனால், பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அது ஒரு யுகமாக இருக்கும். பிறகு 'ஹக்' என்று ஒரு திணறல், உடம்பு ஒரு தூக்கு தூக்கிப்போடும், புரண்டு படுக்கும், மறுபடி 'கொர்...' ஆரம்பிக்கும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழேயும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே வாங்கும். சில குழந்தைகள் கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும். சில, முழங்காலை மடக்கிக் குப்புறக் கவிழ்ந்திருக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தாலும் தலையணை வேர்வையில் நனைந்திருக்கும்.

சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் பத்து வார்த்தை சொல்வதைவிட அந்த இரண்டு நிமிஷம் அதிகம் பேசும்.

ஸ்ட்ரா ஒட்டிக்கொள்கிற கதை

ஏன் இப்படி ஆகிறது? தொண்டையின் இரு பக்கமும் இரண்டு சதை உருண்டைகள் இருக்கின்றன. அவை டான்ஸில். மூக்குக்குப் பின்னால், வாயைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னொரு சதை இருக்கிறது. அது அடினாய்டு. (நம் வீட்டுப் பெரியவர்கள் 'உள்நாக்கு வளர்ந்திருக்கு' என்று சொல்லி, தேனைத் தொட்டு விரலால் அமுக்குவார்களே, அந்த உள்நாக்கு வேறு. நடுவில் தொங்கும் அந்தச் சின்ன சதைக்கும் இந்தக் கதைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. விரலை விட்டு அமுக்குவதால் புண்ணாவதுதான் மிச்சம்.)

இரண்டு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் டான்ஸிலும் அடினாய்டும் நன்றாக வளர்ந்திருக்கும். தொண்டையோ இன்னும் சின்னதாகவே இருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளர்ந்துவிடும். காகித ஸ்ட்ராவில் இளநீர் குடித்திருக்கிறீர்களா? ஸ்ட்ரா கொஞ்சம் ஊறியதும், இழுக்க இழுக்க இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதேதான் இங்கும். போதாததற்கு, டான்ஸில் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூச்சு நின்று, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க ஆரம்பித்ததும் மூளை அலறியடித்துக்கொண்டு குழந்தையை லேசாக எழுப்பும். தசைகள் இறுகும், பாதை திறக்கும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி முழுக்க இதே கூத்து.

தூக்கம் கெட்ட பெரியவர் மறுநாள் ஆபீஸில் சாமியாடுவார். குழந்தை அப்படியல்ல, நேர்மாறாகத் துறுதுறுவென்று ஆட்டம் போடும், எரிந்து விழும், பாடத்தில் கவனம் நிற்காது. அதனால்தான் 'வால்', 'அடங்காப்பிடாரி' என்ற பட்டம் கிடைக்கிறதே தவிர, 'தூக்கம் போதாத குழந்தை' என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. அது குறைவதாலும், ராத்திரியெல்லாம் மூச்சுக்கே சக்தி செலவாவதாலும் சில குழந்தைகள் எடை ஏறாமல் நிற்கும். ரொம்ப கடுமையான அடைப்பை வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் வீங்கும் அளவுக்குப் போவதும் உண்டு.

டாக்டர்கள் இதை ரொம்ப காலத்துக்கு முன்பே கவனித்தார்கள் என்பது ஒரு ஆச்சரியம். மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டை 1868-ல் விவரித்து எழுதியவர் வில்ஹெல்ம் மேயர் என்ற டென்மார்க் டாக்டர். 1889-ல் வில்லியம் ஹில் என்ற ஆங்கிலேய டாக்டர், குழந்தைகள் படிப்பில் பின்தங்கி 'மக்கு' என்று பெயரெடுக்க மூக்கு, தொண்டை அடைப்பும் ஒரு காரணம் என்று 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலி'ல் கட்டுரையே எழுதினார். பிறகு அதை மருத்துவ உலகம் மறந்தேபோனது! 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லெமினோ எட்டுக் குழந்தைகளை ராத்திரி முழுக்கக் கருவிகளோடு கவனித்து எழுதியபிறகுதான் மறுபடி விழித்துக்கொண்டது. நடுவில் எத்தனை 'மக்கு'க் குழந்தைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றனவோ!

"வெட்டணுமா... கொஞ்சம் காத்திருக்கலாமா?"

பெற்றோருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். டான்ஸில், அடினாய்டு இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் இந்த நோய்க்கு முதல் சிகிச்சை. 'ஐந்து வயசுக் குழந்தைக்கு மயக்க மருந்தா?' என்று அப்பா பின்வாங்குவார். 'வளர வளர டான்ஸில் தானா சுருங்கிடும், எங்க பெரியவனுக்கு அப்படித்தான் ஆச்சு' என்று மாமியார் சொல்வார். மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை!

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அது. ஐந்து முதல் ஒன்பது வயதுவரையிலான 464 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு வெறும் கவனிப்பு என்று பிரித்துவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தபோது, ஆபரேஷன் ஆன குழந்தைகளில் 79 சதவிகிதம் பேருக்கு எல்லாம் சரியாகியிருந்தது. காத்திருந்த பிரிவிலும் 46 சதவிகிதம் பேருக்குத் தானாகவே சரியாகியிருந்தது! கிட்டத்தட்ட பாதிப் பேர்.

'அப்படின்னா நாமும் காத்திருப்போமே' என்று அவசரப்பட வேண்டாம். ஆக்ஸிஜன் ரொம்ப இறங்குகிற, கடுமையான அடைப்பு உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களைக் காத்திருக்க வைப்பது ஆபத்து என்பதால்தான். காத்திருந்த பிரிவிலும்கூட பகல் தூக்கம், எரிச்சல், முரட்டுத்தனம் எல்லாம் ஆபரேஷன் ஆன குழந்தைகள் அளவுக்குக் குறையவில்லை. இன்னொரு பக்கம், கவனக் கூர்மையை அளக்கும் பரீட்சைகளில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லேசான தொல்லை உள்ள 459 குழந்தைகளை ஒரு வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. அதிலும் இதே கதைதான். தூக்கமும் நடத்தையும் தேறின, ரத்த அழுத்தமும் இறங்கியது; கவனப் பரீட்சையில் மட்டும் வித்தியாசமில்லை. அதனால், 'இந்த ஆபரேஷன் பண்ணிட்டா மார்க் ஏறும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆபரேஷன் மூச்சுக்காக, ராங்க் கார்டுக்காக அல்ல.

ஆக, எந்தக் குழந்தை காத்திருக்கலாம், எந்தக் குழந்தை காத்திருக்கக் கூடாது என்பதுதான் கேள்வியே. டான்ஸில் எத்தனை பெரிசு என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பெரிய டான்ஸில் உள்ள குழந்தை நிம்மதியாகத் தூங்கும். நடுத்தர டான்ஸில் உள்ள குழந்தை திணறும். வருஷத்துக்கு எத்தனை தடவை தொண்டை வலி வந்தது என்பதும் இங்கே கணக்கல்ல. ஒரு தடவைகூட தொண்டை வலி வராத குழந்தைக்கும் மூச்சடைப்புக்காக ஆபரேஷன் தேவைப்படலாம். 'அடிக்கடி காய்ச்சல்கூட வரதில்லையே, எதுக்கு எடுக்கணும்?' என்று கேட்கிற பெற்றோர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரியாக அளப்பதற்கு ஒரே வழி தூக்கப் பரிசோதனை. ஒரு ராத்திரி குழந்தையைப் படுக்க வைத்து, தலை, நெஞ்சு, மூக்கு, விரல் என்று ஒயர்களை ஒட்டி, மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து முறைக்குள் இருந்தால் பரவாயில்லை என்பார்கள். குழந்தைக்கு ஒரு முறைக்கு மேல் போனாலே அது கோளாறுதான். பத்தைத் தாண்டினால் கடுமை. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் உங்கள் வீடியோ, தொண்டைப் பரிசோதனை, கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்-ரே, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியின் ராத்திரிப் பதிவு இவற்றை வைத்து காது-மூக்கு-தொண்டை நிபுணர் முடிவு செய்வார். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தை, குண்டுக் குழந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை, முக எலும்பு அமைப்பிலோ தசைகளிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால், ஆபரேஷனுக்கு முன்பு தூக்கப் பரிசோதனை அவசியம். வெளியூர் போயாவது செய்துகொள்வது நல்லது.

தொல்லை லேசானது என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு மான்டிலூகாஸ்ட் மாத்திரை. மாத்திரை ஆரம்பித்தபிறகு கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை, கோபம் என்று குழந்தையின் போக்கு மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போது செல்போனில் வலம் வருகிற 'ராத்திரி வாயில் பிளாஸ்திரி ஒட்டு' வைத்தியம் வேண்டவே வேண்டாம். மூக்கு அடைத்த குழந்தைக்கு வாய் ஒன்றுதான் மிச்சமிருக்கும் வழி. அதையும் அடைப்பதா?

ஆபரேஷன் அன்று...

வாய் வழியாகவே செய்து முடித்துவிடுவார்கள். கழுத்தில் தழும்பு விழாது. முழு மயக்கத்தில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். பழைய முறைப்படி கருவியால் பிரித்தெடுப்பது, மின்சாரச் சூட்டால் எடுப்பது, அதிகச் சூடு இல்லாத 'கோப்லேஷன்' முறை என்று வழிகள் பல. டான்ஸிலின் உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. வலி குறைவு, ஆனால் மிச்சம் வைத்தது மறுபடி வளர வாய்ப்பு உண்டு. எந்தக் கருவி என்று நீங்கள் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாக்டருக்கு எது கை பழகியதோ அதுவே சிறந்தது.

அதைவிட முக்கியம், நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய சில விஷயங்கள். அடிபட்டாலோ பல் பிடுங்கினாலோ வீட்டில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் ஓடியிருக்கிறதா? குழந்தைக்கு ஆடுகிற பல் இருக்கிறதா? போன வாரம் சளி, காய்ச்சல் இருந்ததா? (தேதி தள்ளிப்போகுமே என்று மறைக்காதீர்கள். தள்ளிப்போவதே நல்லது.) மயக்க மருந்து டாக்டரிடம், 'ராத்திரி மூச்சு நிக்கிற குழந்தை இது' என்று நீங்களே ஒரு முறை சொல்லிவிடுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மார்ஃபின் வகை வலிமருந்துகள் சாதாரண அளவிலேயே மூச்சை மந்தப்படுத்திவிடலாம். டான்ஸில் ஆபரேஷனுக்குப்பின் குழந்தைகளுக்கு கோடீன் மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்திருக்கிறது. கோடீன் சில இருமல் மருந்துகளிலும் உண்டு. எனவே, வீட்டு அலமாரியில் இருக்கிற பழைய பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள்.

மூன்று வயதுக்குக் கீழேயோ, அடைப்பு கடுமையாகவோ இருந்தால் அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே, விரலில் ஆக்ஸிஜன் கருவியோடு தங்க வேண்டும். 'சாயங்காலமே வீட்டுக்குப் போகலாமா?' என்று நச்சரிக்காதீர்கள். அன்று தொண்டை வீங்கியிருக்கும். அடைப்பு உடனே மறையாது.

"எடுத்துட்டா எதிர்ப்பு சக்தி போயிடுமே?" என்பது எல்லோரும் கேட்பது. டான்ஸில் கிருமியை எதிர்க்கும் வேலை செய்வது உண்மை. ஆனால், அதே வேலையைச் செய்யும் திசுக்கள் நாக்கின் அடியிலும் கழுத்திலும் குடலிலும் நிறையவே இருக்கின்றன. காரணமில்லாமல் எடுக்கக் கூடாது; காரணம் இருக்கும்போது இதற்காகப் பயந்து நிற்கவும் வேண்டாம். குரல்? கொஞ்ச நாள் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். அநேகமாகச் சரியாகிவிடும்.

அந்தப் பத்து நாள்

ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு ஜாலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு நாளைவிட நாலாம், ஐந்தாம் நாள் வலி அதிகமாகத் தோன்றும். காது வலிக்கிறது என்று அழும். காதில் ஒன்றுமில்லை, தொண்டை வலிதான் அங்கே போய்த் தெரிகிறது. வாயைத் திறந்து பார்த்தால் டான்ஸில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், வாய் நாறும். அது சீழ் அல்ல, ஆறுகிற புண்ணின் பொருக்கு. சுரண்டவோ, மருந்து தடவவோ கூடாது.

வலி மருந்தை வலி வந்தபிறகு கொடுக்காதீர்கள். முதல் சில நாட்கள் மணி பார்த்து, எடைக்குத் தகுந்த அளவில், டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. குழைய வடித்த சாதத்தில் மோர், ஊறவைத்த இட்லி, ஆறின கஞ்சி, ஐஸ்கிரீம் எது இறங்குகிறதோ அது. முறுக்கு, சிப்ஸ், காரம் பிறகு. சாப்பிடாவிட்டாலும் போகட்டும், தண்ணீர் குடித்தாக வேண்டும். குடிக்காத தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். வலித்தால் இன்னும் குடிக்காது.

இனி சொல்லப்போவதை மட்டும் ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டி வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை பொருக்கு உதிரும். அப்போது நூற்றில் சில குழந்தைகளுக்கு ரத்தம் கசியும். எச்சிலில் சிவப்பாகப் புது ரத்தம் தெரிந்தாலோ, ரத்தம் வாந்தியெடுத்தாலோ, தூக்கத்தில் குழந்தை அடிக்கடி எதையோ 'மடக் மடக்'கென்று விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. அதனால்தான் அந்த இரண்டு வாரமும் வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்கிறார்கள். குலதெய்வம் கோயில் மொட்டை, மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருக்கட்டும். ஏழாம் நாள் ராத்திரி நீங்கள் ஆஸ்பத்திரி இல்லாத கிராமத்தில் இருக்கக் கூடாது.

வீக்கம் இருக்கிற ஒரு வாரம், பத்து நாள் குறட்டையும் இருக்கும். 'எடுத்தும் போகலையே!' என்று பதற வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி டாக்டரைப் பாருங்கள். இந்தத் தடவையும் ஒரு விடியற்காலை வீடியோவோடு போங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குள் சத்தம் அடங்கி, எடை ஏற ஆரம்பித்திருக்கும். குண்டுக் குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் அடைப்பு மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ராத்திரியில் முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்திக் கொடுக்கும் 'சி-பாப்' கருவி, மேலண்ணம் குறுகலாக இருந்தால் பல் டாக்டர் பொருத்தும் விரிவாக்கும் கிளிப் என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. எடை குறைப்பதும் அதில் ஒன்று. ரொம்பச் சின்ன வயதில் ஆபரேஷன் ஆன சில குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வருஷத்தில் அடினாய்டு மறுபடி வளர்வதும் உண்டு. பழைய குறட்டை திரும்பக் கேட்டால், பழைய ரிப்போர்ட்டுகளோடு அதே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.